எல்லா நிலநடுக்கத்துக்கும் ஏன் அதே 10 கிலோமீட்டர்?

இந்த மாசம் வந்த கேள்விங்கள பிரிச்சி வச்சா முக்கால்வாசி நிலநடுக்கம் தான். ஜொகூர்ல செகாமட் ஆடுனதுல இருந்து நம்ம ஆளுங்களுக்கு ஒரு பயம் புடிச்சிருக்கு, "நம்ம நாட்டுல இதெல்லாம் வராது"ன்னு தாத்தா காலத்துல இருந்து சொல்லிட்டு வந்தோம்ல, அந்த நம்பிக்கையும் சேர்ந்து ஆட்டம் கண்டிருச்சி. அதனால பூனைக்கு ஏன் மீசை, பழைய சோத்துல என்ன சத்துன்னு கேட்டவங்கல்லாம் கோவிச்சிக்காம அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்குங்க. இந்த தடவை முழுக்க பூமிக்கு அடியில தான்.

கேள்வி: ஐயா, 2015ல சபா ரானாவ்ல நிலநடுக்கம் வந்தப்ப 10 கிலோமீட்டர் ஆழம்னு போட்டாங்க. 2025 மார்ச்ல மியன்மார், அதுவும் 10. ஆகஸ்ட்ல நம்ம செகாமட், அதுவும் 10. எப்படி எல்லாமே ஒரே ஆழத்துல வரும்? யாரு கீழ போயி அளந்தா? எங்க வீட்டுக்காரர் "சும்மா அடிச்சி விடுறானுங்க"ன்னு சொல்றாரு. நெசமாவா? — வாசகி, பாயான் பாரு

பதில்: அக்கா, உங்க வீட்டுக்காரர் சொன்னதுல கால்வாசி உண்மை இருக்கு. அதுக்காக இத அவர்கிட்ட படிச்சி காட்டிறாதீங்க, அப்புறம் ஒரு வாரத்துக்கு வீட்டுல பேச்சு தாங்காது.

யாரும் கீழ போயி அளக்கல, போகவும் முடியாது. மனுசன் இதுவரைக்கும் தோண்டுனதுலயே ரொம்ப ஆழமான குழி ரஷ்யாவுல கோலான்ற பக்கம் இருக்கு, 1970ல ஆரம்பிச்சி கிட்டத்தட்ட இருவது வருசம் தோண்டி 12,262 மீட்டர் தான் போனாங்க. நம்ம பழைய பினாங்கு பாலம் ரோட்டோட சேத்து 13.5 கிலோமீட்டர், அத அப்படியே தூக்கி செங்குத்தா நிக்க வச்சா அந்தக் குழிய விட நீளம். குழியோட அகலம் வெறும் 23 சென்டிமீட்டர், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. அடியில 180 டிகிரி சூடு, அதுக்கு மேல துளை போட முடியாம விட்டுட்டாங்க. மனுசனோட மொத்த சாமர்த்தியமும் பன்னெண்டு கிலோமீட்டரோட நின்னு போச்சி, நிலநடுக்கம் 600 கிலோமீட்டருக்கு கீழ எல்லாம் வருது.

அப்ப எப்படித்தான் சொல்றாங்கன்னா, எல்லாமே மேல இருந்து கடிகாரத்த வச்சித்தான். பாறை உடையிற எடத்துல இருந்து ரெண்டு விதமான அலை கெளம்பும். மொதல்ல வர்றது பி அலை, பாறைய முன்னும் பின்னும் அமுக்கிகிட்டு வினாடிக்கு சுமார் 6 கிலோமீட்டர் வேகத்துல ஓடும். பின்னாடி வர்றது எஸ் அலை, பக்கவாட்டுல உலுக்கிகிட்டு சுமார் 3.5 கிலோமீட்டர் வேகத்துல வரும். பட்டர்வொர்த்ல இருந்து ஈடிஎஸ் ரயிலும் ஒரு எக்ஸ்பிரஸ் பஸ்ஸும் ஒரே நேரத்துல கெளம்புதுன்னு வைங்க, தைப்பிங்ல நிக்கிறவருக்கு ரயில் போயி ஒரு தே தாரிக் குடிச்சி முடிக்கிறதுக்குள்ள பஸ் வந்துரும், கேஎல்ல நிக்கிறவரு சாப்பிட்டு முடிச்சி கை கழுவி உக்காந்தும் பஸ் வந்திருக்காது. எடவெளி கூடக் கூட தூரம் கூடுது. அதே கணக்குத்தான். பி வந்ததுக்கும் எஸ் வந்ததுக்கும் நடுவுல எத்தனை வினாடின்னு எண்ணி அத 8 ஆல பெருக்குனா நிலநடுக்கம் எத்தனை கிலோமீட்டர் தூரத்துலன்னு தோராயமா வந்துரும். அதிர்வ பதிவு பண்ற கருவி வச்சிருக்கிற நாலஞ்சு ஸ்டேஷன்ல இப்படி தூரம் கெடச்சா மேப்புல எந்த எடம்னு புடிச்சிறலாம்.

மேப்புல எடம் புடிக்கிறது சுலபம், ஆழம்னு வந்தா தான் கணக்கு நொண்டியடிக்கும்.

ஏன்னு சொல்றேன். நீங்க பட்டர்வொர்த் ஃபெரி பக்கம் நிக்கிறீங்க, அக்கரையில கொம்தார்ல எவனோ பட்டாசு போடுறான். கொம்தார் உயரம் சுமார் 250 மீட்டர், உங்களுக்கும் அதுக்கும் தூரம் சுமார் 4 கிலோமீட்டர். அவன் கீழ்த்தளத்துல போட்டாலும் சரி, உச்சி மாடியில போட்டாலும் சரி, சத்தம் உங்க காதுக்கு வர்ற தூரத்துல 8 மீட்டர் கூட வித்தியாசம் இல்ல, நேரத்துல பாத்தா வினாடியில நாப்பதுல ஒரு பங்கு கூட இல்ல. எந்தக் காதுக்கு அது தெரியும்? அதே நேரம் கொம்தார் வாசல்ல பாய் கடையில நிக்கிற ஒருத்தருக்கு கீழ போட்ட பட்டாசு உடனே கேக்கும், உச்சியில போட்டது அரை வினாடிக்கு மேல லேட்டா கேக்கும், அவரு கண்ண மூடிகிட்டே சொல்லிருவாரு.

பூமிக்கு அடியிலயும் இதே கதை தான், தலைகீழா. நிலநடுக்கத்துல இருந்து 100 கிலோமீட்டர் தள்ளி ஒரு ஸ்டேஷன் இருந்தா, ஆழம் 10 கிலோமீட்டரா 20 கிலோமீட்டரான்றதுக்கு அங்க கெடைக்கிற வித்தியாசம் கால் வினாடி. அந்தக் கால் வினாடி பாறையோட வேகத்த நாம கொஞ்சம் தப்பா நெனச்சிருந்தாலே காணாம போயிரும். நேர் மேல ஒரு ஸ்டேஷன் இருந்தா அதே வித்தியாசம் ஒன்னரை வினாடிக்கு மேல, யாரும் தவற விட முடியாது. அதனால தான் இந்தத் தொழில்ல இருக்கிறவங்க, நிலநடுக்கம் எவ்ளோ ஆழமோ கிட்டத்தட்ட அவ்ளோ தூரத்துக்குள்ள ஒரு ஸ்டேஷனாவது இருக்கணும்னு சொல்லுவாங்க. 10 கிலோமீட்டர் ஆழத்துல வர்ற நிலநடுக்கத்துக்கு 10, 15 கிலோமீட்டருக்குள்ள ஒரு கருவி. காட்டுக்குள்ள, மலைக்குள்ள, கடல்ல எல்லாம் எங்க போறது?

இன்னொரு தொல்லையும் இருக்கு. பாறை எத்தனை மணி எத்தனை வினாடிக்கு உடைஞ்சிச்சின்னும் யாருக்கும் தெரியாது, அதையும் இதே கணக்குல இருந்து தான் எடுக்கணும். எல்லா ஸ்டேஷனும் ரொம்ப தூரத்துல இருந்துட்டா, "5 கிலோமீட்டர் இன்னும் கீழ, ஆனா முக்கால் வினாடி லேட்டா உடைஞ்சிச்சி"ன்னு மாத்தி போட்டாலும் கணக்கு அப்படியே பொருந்தி வரும். ஆழமும் நேரமும் ஒன்னுக்கொன்னு முட்டுக் குடுத்துகிட்டு நிக்கும். கம்ப்யூட்டர் மூனு கிலோமீட்டர்னு ஆரம்பிச்சி நாப்பதுக்கு போயி மறுபடி எட்டுக்கு வந்து தள்ளாடும்.

இப்ப அந்த 10க்கு வருவோம். இப்படி தள்ளாடுறப்ப என்ன பண்ணுவாங்கன்னா, ஆழத்த ஒரு நம்பர்ல பூட்டி வச்சிட்டு மத்தத மட்டும் கணக்கு போடுவாங்க. யுஎஸ்ஜிஎஸ்னு சொல்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் முன்னாடி எல்லாம் 33 கிலோமீட்டர்ல பூட்டும், பழைய லிஸ்ட எடுத்து பாத்தீங்கன்னா 33, 33, 33ன்னு வரிசையா இருக்கும், அது அந்தக் கால கணக்குல பூமியோட மேலோடு முடியிற ஆழம். இப்ப நிலப்பகுதியில மேலாப்புல வர்ற நிலநடுக்கத்துக்கு பெரும்பாலும் 10ல பூட்டுறாங்க. சும்மா வாய்க்கு வந்த நம்பர் இல்ல, நிலத்துல வர்ற நிலநடுக்கம் பெரும்பாலும் அஞ்சுல இருந்து இருவது கிலோமீட்டருக்குள்ள தான் ஆரம்பிக்குது, அதுக்கும் கீழ பாறை சூட்டுல குழைஞ்சி போயிரும், உடையாது, அழுத்துனா மெதுவா வழியும். அதனால செய்தியில ரவுண்டா 10னு பாத்தீங்கன்னா "மேலாப்புல தான் வந்திருக்கு, சரியா எவ்ளோன்னு இப்பத்திக்கு சொல்ல முடியல"ன்னு படிச்சிக்குங்க. 12.7, 8.3ன்னு புள்ளி வச்சி வந்தா யாரோ உக்காந்து கணக்கு போட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

இதுல ஒரு வேடிக்கை. 1857 டிசம்பர்ல இத்தாலியில நேப்பிள்ஸுக்கு தெக்க பெரிய நிலநடுக்கம், அயர்லாந்துக்காரர் ராபர்ட் மேலட்னு ஒரு இன்ஜினியர் அங்க போயி ஊர் ஊரா இடிஞ்ச சுவத்துல விழுந்த வெடிப்புங்கள அளந்தாரு. வெடிப்பு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ அதுக்கு குறுக்க கோடு இழுத்தா அந்த உலுக்கல் எங்க இருந்து வந்துச்சோ அங்க போயி முட்டும்ன்றது அவரோட யோசனை. கோடெல்லாம் பூமிக்கு கீழ எங்க கூடுதுன்னு பாத்து ஆழம் சொன்னாரு, சுமார் 10 கிலோமீட்டர்! கருவி இல்ல, கம்ப்யூட்டர் இல்ல, பூட்டி வைக்க ஆளும் இல்ல. அந்த முறையில ஓட்டை நெறைய தான், ஆனாலும் ஆழத்த அளக்க முடியும்னு இடிஞ்ச சுவத்த பாத்து யோசிச்ச மனுசன நான் சும்மா விட மாட்டேன், ஒரு கும்பிடு போட்டுட்டு தான் போவேன்.

இன்னொன்னு, அந்த 10ன்றது உடைய ஆரம்பிச்ச எடம் மட்டும் தான் அக்கா. துணி கிழியிற மாதிரி, ஒரு ஓரத்துல ஆரம்பிச்சி ஓடும். மியன்மார்ல 7.7 அளவு நிலநடுக்கம் வந்தப்ப பாறை 400 கிலோமீட்டருக்கு மேல நீளமா கிழிஞ்சிச்சி, நெலத்து மேலயே பிளவு தெரிஞ்சிச்சி. அவ்ளோ பெரிய கிழிசலுக்கு ஆழம் 10னு ஒத்த நம்பர் போடுறது, சிலாங்கூர் முழுக்க மழை பேஞ்சத கிள்ளான்ல ஒரு துளி விழுந்த எடத்த வச்சி சொல்ற மாதிரி.

கேள்வி: நான் ஃபோர்ம் ஃபோர் படிக்கிறேன். கடலுக்கு அடியில, 600 கிலோமீட்டர் ஆழத்துல எல்லாம் நிலநடுக்கம் வருதுன்னு டீச்சர் சொன்னாங்க. பக்கத்துல ஸ்டேஷனே இல்லாதப்ப அத மட்டும் எப்படி கண்டுபுடிக்கிறாங்க? — மாணவன், சுங்கை பட்டாணி

பதில்: தம்பி, நல்ல கேள்வி. மேலாப்புல வர்றத விட ஆழத்துல வர்றது தான் கண்டுபுடிக்க சுலபம், கேக்க கிறுக்குத்தனமா இருக்கும் ஆனா அப்படித்தான்.

ரகசியம் எதிரொலியில இருக்கு. ஆழத்துல பாறை உடைஞ்சா ஒரு பி அலை நேரா கீழ எறங்கி பூமிக்குள்ள வளைஞ்சி வந்து எங்கயோ தூரத்துல இருக்கிற ஸ்டேஷனுக்கு போகும். இன்னொரு பி அலை மொதல்ல மேல போகும், அந்த எடத்துக்கு மேல இருக்கிற தரைய முட்டி திரும்பி கீழ எறங்கி, மொத அலை போன வழியிலயே பின்னாடி வரும். ஸ்டேஷன்ல மொதல்ல ஒரு குத்து, கொஞ்ச நேரம் கழிச்சி அதே சாயல்ல இன்னொரு குத்து. ரெண்டாவத சின்ன பி-பெரிய பின்னு கூப்பிடுவாங்க, மேல போன பகுதிக்கு சின்ன எழுத்து, அப்புறம் போன பகுதிக்கு பெரிய எழுத்து. ரெண்டுக்கும் நடுவுல உள்ள நேரம், மேல போயிட்டு வர்றதுக்கு ஆன செலவு. 100 கிலோமீட்டர் ஆழம்னா அது சுமார் 25 வினாடி, 600 கிலோமீட்டர்னா ரெண்டு நிமிசத்துக்கு மேல. ஸ்டேஷன் சிலியில இருந்தாலும் சரி, ஜப்பான்ல இருந்தாலும் சரி, அந்த எடவெளி பெருசா மாறாது, அதான் இதோட அழகு. ஆழத்துக்கு ஸ்டேஷன் பக்கத்துல இருக்கணும்னு மேல சொன்னேன்ல, இந்த எதிரொலி கெடச்சிட்டா அந்தக் கவலையே இல்ல.

அப்ப ஏன் 10 கிலோமீட்டர் நிலநடுக்கத்துக்கும் இதயே பண்ணக்கூடாது? பண்ணலாம், ஆனா அங்க எடவெளி மூனு வினாடி தான். பெரிய நிலநடுக்கத்துல பாறை உடையிறதே பத்து, இருவது வினாடி, மியன்மார் மாதிரி இருந்தா ஒரு நிமிசத்துக்கும் மேல ஓடும். மொத சத்தம் முடியிறதுக்குள்ள எதிரொலி வந்து அது மேலயே விழும். தைப்பூசத்துக்கு தண்ணீர்மலையில உருமி மேளம் வாசிக்கிறப்ப எதிரொலிய தனியா கேட்டு பாரு, முடியுமா? அந்த மாதிரி நேரத்துல வேற வழி, "5 கிலோமீட்டர்ல வந்திருந்தா கருவி வரையிற கோடு எப்படி இருக்கும், 10ல வந்திருந்தா எப்படி, 15ல வந்திருந்தா எப்படி"ன்னு கம்ப்யூட்டர்ல பொய்யா ஒரு கோடு வரைஞ்சி, நெசமான கோட்டோட எது ஒத்துப் போகுதுன்னு பாப்பாங்க. கடலுக்கு அடியில இன்னொரு குழப்பம், தரையில முட்டுற அலை கொஞ்சம், தண்ணி மேல் மட்டம் வரைக்கும் போயி முட்டுற அலை கொஞ்சம்னு ரெண்டு எதிரொலி வரும், எது எதுன்னு பிரிக்கத் தெரியணும்.

இந்தக் கதைய யாரு ஆரம்பிச்சதுன்னா, 1922ல இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்ட்ல எச். எச். டர்னர்னு ஒரு வானியல்காரர், உலகம் பூரா ஸ்டேஷன்ல இருந்து வந்த நேரத்த எல்லாம் கூட்டிக் கழிச்சிட்டு இருந்தவரு, சில நிலநடுக்கத்துல மட்டும் தூரத்து ஸ்டேஷனுக்கு அலை ரொம்ப சீக்கிரமா வருதேன்னு கவனிச்சாரு. ஆழத்துலயே கெளம்புனா தானே கொஞ்ச தூரம் மிச்சம். சொன்னாரு, நெறைய பேரு நம்பல, அவ்ளோ சூட்டுல பாறை எப்படி உடையும்னு. 1928ல ஜப்பான்ல வானிலை நிலையத்துல வேலை செஞ்ச கியோ வதாத்தி, அங்க ஸ்டேஷன் நெருக்கமா இருந்ததால பி-எஸ் எடவெளிய வச்சே 300 கிலோமீட்டருக்கும் கீழ நிலநடுக்கம் வருதுன்னு அடிச்சி நிரூபிச்சாரு. அதோட விட்டாரா, ஜப்பானுக்கு கெழக்க கடல் பக்கம் மேலாப்புல வருது, மேக்க போகப் போக ஆழம் கூடிகிட்டே போகுதுன்னு வரைஞ்சி காட்டுனாரு. சாய்வா ஒரு பலகை பூமிக்குள்ள எறங்கிகிட்டு இருக்கிற மாதிரி. அது நெசமாவே பலகை தான், கடல் தட்டு, அதாவது கடலுக்கு அடியில இருக்கிற பூமி ஓட்டோட ஒரு பெரிய துண்டு. வதாத்தியோட பேரும் அப்புறம் அமெரிக்காக்காரர் பெனியோஃபோட பேரும் சேத்து அந்தச் சாய்வுக்கு இன்னிக்கு வதாத்தி-பெனியோஃப் மண்டலம்னு பேரு. நமக்கு பக்கத்துல சுமத்ரா, ஜாவாவுக்கு அடியில இதே மாதிரி ஒன்னு எறங்குது, ஜாவா கடலுக்கு கீழ 600 கிலோமீட்டருக்கும் மேல போகுது. 700 தாண்டுனா அனேகமா எங்கயுமே எதுவும் உடையிறதில்ல.

டீச்சர்கிட்ட சொல்லு, வகை பிரிக்கிறது இப்படி: 70 கிலோமீட்டர் வரைக்கும் மேலாப்பு, 300 வரைக்கும் நடுவாந்தரம், அதுக்கு கீழ ஆழம். சோதனைல கேட்டாலும் கேப்பாங்க.

கேள்வி: ஒரே நிலநடுக்கத்துக்கு நம்ம வானிலைத்துறை மெட் மலேசியா ஒரு ஆழம், இந்தோனேசியாக்காரன் ஒரு ஆழம், அமெரிக்காக்காரன் ஒரு ஆழம். யார நம்புறது? — வாசகர், ஈப்போ

பதில்: மூனு பேரும் வேற வேற ஸ்டேஷன் வச்சி, பாறைக்குள்ள அலை எவ்ளோ வேகமா ஓடும்னு வேற வேற அட்டவணை வச்சி கணக்கு போடுறாங்க. பக்கத்துல அதிகம் ஸ்டேஷன் வச்சிருக்கிறவங்க பக்கம் நான் சாய்வேன். அஞ்சு நிமிசத்துல வந்த நம்பர விட அடுத்த நாள் திருத்தி போட்ட நம்பர் எப்பவும் மேல். ரெண்டு வாரம் கழிச்சி வர்றது இன்னும் மேல், ஏன்னா அதுக்குள்ள ஆளுங்க கருவிய தூக்கிட்டு போயி அதிர்ந்த எடத்த சுத்தி வச்சி, பின்னால வர்ற குட்டி குட்டி அதிர்வ எல்லாம் புடிச்சிருவாங்க. ராடார் சாட்டிலைட்டும் மேல இருந்து தரை எவ்ளோ நகந்திருக்குன்னு சென்டிமீட்டர் கணக்குல பாத்து சொல்லிரும், மேலாப்புல உடைஞ்சா தரையில மாற்றம் கூர்மையா ஒரு எடத்துல தெரியும், ஆழத்துல உடைஞ்சா பரவலா மங்கலா தெரியும். அதுக்குள்ள பேப்பர்ல செய்தியே செத்து போயிருக்கும்ன்றது வேற விசயம்.

கேள்வி: 2009 செப்டம்பர்ல பாடாங் நிலநடுக்கம் வந்தப்ப நாங்க 17வது மாடி கொண்டோல இருந்தோம், விளக்கு ஆடிச்சி, எனக்கு தலைய சுத்துச்சி. கீழ ஓடி வந்து ஜாகாகிட்ட கேட்டா "என்ன நிலநடுக்கம்?"ன்றாரு. ஆழத்துல வந்தா நமக்கு ஆபத்து கம்மின்னு சொல்றாங்களே, அப்ப ஏன் கேஎல் வரைக்கும் ஆடிச்சி? — வாசகி, செந்தூல்

பதில்: ஜாகா பொய் சொல்லல, பாவம். தூரத்துல இருந்து வர்ற அலையில வேகமா நடுங்குற பகுதி எல்லாம் வழியிலயே செத்துரும், மெதுவா ஊஞ்சல் மாதிரி ஆடுற பகுதி மட்டும் மிச்சம் வரும். 20 மாடி கட்டடம் ஒரு தடவை போயி வர்றதுக்கு சுமார் 2 வினாடி எடுக்கும், அந்த ஊஞ்சல் அலையும் அதே தாளத்துல வந்தா மேல் மாடி நல்லா ஆடும், தரையில நிக்கிறவருக்கு ஒன்னுமே தெரியாது. மண்ணு மிருதுவா இருந்தா இன்னும் கொஞ்சம் கூடும். மியன்மார் நிலநடுக்கத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பேங்காக்ல கட்டிகிட்டு இருந்த உயரமான கட்டடம் இடிஞ்சி விழுந்தது இந்த மாதிரி அலை ஆட்டுனப்ப தான்.

பாடாங்ல வந்தது 7.6, ஆழம் சுமார் 80 கிலோமீட்டர். அங்க 1,100 பேருக்கு மேல செத்தாங்க, அதனால 80 கிலோமீட்டர்னா பத்திரம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா ஆழம் கூடுனா உசுரு சேதம் கொறையும்ன்றது பொதுவா சரி தான். நியூசிலாந்துல கிரைஸ்ட்சர்ச்ல 2011 பிப்ரவரியில 6.2, வெறும் 5 கிலோமீட்டர் ஆழம், 185 பேரு போயிட்டாங்க. 2013 மே மாசம் ரஷ்யாவோட ஓகோட்ஸ்க் கடலுக்கு கீழ 8.3, வெளிவந்த சக்தியில பாத்தா கிரைஸ்ட்சர்ச்ச விட ஆயிரம் மடங்குக்கும் மேல, ஒருத்தரும் சாகல, ஏன்னா அது சுமார் 600 கிலோமீட்டர் கீழ. நேர் மேல நிக்கிறவரே 600 கிலோமீட்டர் தள்ளி தானே நிக்கிறாரு, ஜொகூர் பாருவுல ஏறி தைப்பிங் வரைக்கும் ஹைவேயில வர்ற தூரம். ஆனா பாருங்க, அத மாஸ்கோ வரைக்கும் உணர்ந்தாங்க. ஆழத்துல வர்றது பலமா அடிக்காது, ஆனா ரொம்ப தூரம் போயி தொட்டுட்டு வரும்.

கேள்வி: கடல்கரையில வீடு. 2004க்கு அப்புறம் சுமத்ரா பக்கம் பூமி ஆடுனாலே தூக்கம் போயிருது. ஆழம் எவ்ளோன்னு தெரிஞ்சா சுனாமி வருமா வராதான்னு சொல்லிற முடியுமா? — மீனவர், தெலுக் பஹாங் பக்கம்

பதில்: அண்ணே, அந்த பயம் உங்களுக்கு மட்டும் இல்ல. அன்னிக்கு காலையில 8.58க்கு பூமி ஆடிச்சி, அலை இங்க வந்தது மதியத்துல. நடுவுல நாலு மணி நேரம் இருந்தும் கரையில இருந்தவங்களுக்கு சொல்ல ஆளு இல்ல. மலேசியாவுல போன 68 பேருல 52 பேரு நம்ம பினாங்குல. இப்ப எச்சரிக்கை குடுக்க மெட் மலேசியாவுல தனி மையம் இருக்கு, அங்க மொத மொத பாக்குறது மூனு விசயம்: எவ்ளோ பெருசு, எங்க, எவ்ளோ ஆழம்.

ஆழம் ஏன்னா, கடல் தரை தூக்கி எறிஞ்சா தான் தண்ணி எழும்பும். 2004ல உடைய ஆரம்பிச்சது சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்துல, ஆனா உடைப்பு அங்க இருந்து மேல கடல் தரை பக்கம் வரைக்கும் ஏறி, வடக்க ஆயிரத்து சொச்சம் கிலோமீட்டர் ஓடிச்சி, தரை மீட்டர் கணக்குல எழும்புச்சி. 2009 பாடாங் 80 கிலோமீட்டர், கீழ எறங்குற தட்டுக்கு உள்ளயே உடைஞ்சது, பெரிய சுனாமி வரல. 100 கிலோமீட்டருக்கு கீழன்னா பொதுவா சுனாமி கவலை இல்ல.

ஆனா ஆழம் மட்டும் போதாது, அதுக்கு நானே சாட்சி. 2012 ஏப்ரல் 11, ஜார்ஜ்டவுன்ல ஒரு ஆபீஸ் கட்டடம், 12வது மாடி, சாயந்திரம் நாலே முக்காலுக்கு கொஞ்சம் முன்ன. மேசை மேல வச்சிருந்த கோப்பி கிளாஸ்ல கோப்பி ஒரு ஓரமா சாஞ்சிச்சி, அப்புறம் அந்த ஓரமா சாஞ்சிச்சி, நான் என்னமோ பிரஷர் தான் ஏறிருச்சின்னு நெனச்சிட்டு உக்காந்திருந்தேன். ஜன்னல் திரை கயிறு தனியா ஆடுறத பாத்த பிறகு தான் படி பக்கம் ஓடுனேன், எனக்கு முன்னாடியே தவுக்கே எறங்கிட்டாரு. அது 8.6, மேலாப்புல தான் வந்துச்சி, 20 சொச்சம் கிலோமீட்டர், 2004 மாதிரியே ஆகப்போகுதுன்னு எல்லாருக்கும் அடிவயிறு கலங்கிருச்சி. பெரிய சுனாமி வரல. பாறை மேல கீழ நகராம பக்கவாட்டுல வழுக்கிருச்சி, தண்ணிய தூக்க ஆளில்ல. அதனால ஆழம் தெரிஞ்சா பாதி பதில் தான், எந்தப் பக்கமா வழுக்குச்சின்றது மீதி பாதி. அது தெரிய கொஞ்ச நேரம் ஆகும், அதுக்குள்ள கடல் பக்கம் நிக்காதீங்க, படகு போனா போகட்டும்.

கேள்வி: ஒரு வெப்சைட்ல நிலநடுக்க ஆழம் மைனஸ் 1 கிலோமீட்டர்னு போட்டிருக்கு. ஆகாசத்துலயா வந்துச்சி? — வாசகர், கிள்ளான்

பதில்: ஆழத்த பல எடத்துல கடல் மட்டத்துல இருந்து எண்ணுறாங்க. ஹவாய் எரிமலை மாதிரி உயரமான எடத்துல, மலைக்கு உள்ள ஆனா கடல் மட்டத்துக்கு மேல உடைஞ்சா மைனஸ் வரும். கினாபாலு மலை 4,095 மீட்டர், அதோட வயித்துல ஏதாவது அசைஞ்சா அதுக்கும் மைனஸ் தான். சில நேரம் கணக்கு சொதப்பியும் மைனஸ் வரும், மேல சொன்னேன்ல, தள்ளாடும்னு.

கேள்வி: இப்ப ஹென்போனே நிலநடுக்கம் சொல்லுதாமே. என் போன்ல ஆழம் பாக்க முடியுமா? — வாசகர், பிறை

பதில்: போனுக்குள்ள அசைவ உணர்ற ஒரு சில்லு இருக்கு, ஸ்க்ரீன் திரும்புறது அதால தான். ஒரு ஊருல ஆயிரம் போன் ஒரே நேரத்துல ஆடுனா கூகுள்காரன் புடிச்சிருவான், எச்சரிக்கையும் அனுப்புவான். ஆனா உங்க ஒத்த போன வச்சி ஆழம் கேக்குறது, எங்க பிளாட்டுல போன வருசம் சுவத்துக்குள்ள பைப் ஒழுகுனப்ப நடந்த கதை மாதிரி தான். பைப்புக்காரர் வந்தாரு, நீளமான ஸ்க்ரூட்ரைவர் ஒன்ன எடுத்து நுனிய சுவத்துல வச்சாரு, கைப்பிடிய காதுல அழுத்துனாரு, கண்ண மூடிகிட்டாரு. இங்க கேட்டாரு, அங்க கேட்டாரு, நாலு எடத்துல பென்சில்ல புள்ளி வச்சி, நடுவுல பெருக்கல் குறி போட்டாரு. எடம் அச்சு பிசகல, அப்படியே சரி. "எவ்ளோ உள்ளண்ணே?"ன்னு கேட்டேன். ரெண்டு இஞ்சுன்னாரு. உடைச்சா அஞ்சு இஞ்சுல இருந்துச்சி பைப். கேட்டதுக்கு சிரிச்சிகிட்டே, "எடம் காதுக்கு தெரியும், ஆழம் உளிக்குத்தான் தெரியும்"னு சொல்லிட்டு, டைல்ஸுக்கு தனியா நூத்தி இருவது வெள்ளி வாங்கிட்டு போனாரு.